எல்லாப் பொறுப்பும் என்னுடையது

தோற்ற பிறகும் போய்த் தலை வணங்க வேண்டும். மினாசே அணியில் அது மாறாத வழக்கம். எதிரணிக்கும் நடுவருக்கும் கை கொடுத்து முடிந்ததும், ஆடியவர்கள், ஆடாதவர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரியின் முன்னால் வரிசையாகப் போய் நிற்பார்கள். வென்றிருந்தால் கைகளைக் கோத்துத் தூக்குவார்கள். தோற்றிருந்தால் இடுப்பிலிருந்து வளைவார்கள். மேலே நிற்பவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தீர்க்கும்வரை நிமிரக் கூடாது.

அந்த அக்டோபர் சனிக்கிழமை மேலே நின்றவர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"உமேகி, நீ எந்த டீமுக்குடா ஆடறே?"

"காலு இருக்குல்ல, தூக்கி அடிச்சா என்ன? பந்து நொறுங்கிடுமா?"

"போய் மீன் மார்க்கெட்ல ஐஸ் தூக்குடா, போ."

பயிற்சியாளர் குசுமி தெத்ஸுரோ வரிசையின் கோடியில் குனிந்து நின்றார். புல்லும் தன் ஷூவின் முனையும் மட்டும் தெரிந்தன. கோல் கீப்பர் உமேகி எங்கே நிற்கிறான் என்று பார்க்கத் தலையைத் திருப்பவில்லை. அவன்மேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு முரசு ஒலித்தது. கேலரியின் தலைவன் தொகுரா மெகாஃபோனைத் தூக்க, ஐயாயிரம் பேர் குசுமியின் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். அவர் ஆட்டக்காரராக இருந்தபோது கட்டிய பாட்டு அது. மினாசேயை முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்த கோலை அவர் அடித்த வருடத்தில் பிறந்தது. அவர் ஜெர்மனிக்குப் போய் ஆடிய காலத்தில்கூட, இங்கே ஆள் இல்லாத பெயருக்கு அதைப் பாடினார்களாம். போன ஆண்டு அவர் பயிற்சியாளராகத் திரும்பி வந்த நாளிலிருந்து, வென்றாலும் தோற்றாலும் கடைசியில் அதுதான். தோல்வி நாட்களில் அந்தப் பாட்டுக்கு ஒரு பொருள் உண்டு. எங்கள் கோபம் உங்கள்மேல் இல்லை என்பதுதான் அது.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். உமேகி மட்டும் இன்னும் குனிந்திருந்தான். கேப்டன் அவன் முதுகைத் தட்டி எழுப்பினான்.

ஆட்டத்தில் நடந்தது இவ்வளவுதான். ஒன்றுக்கொன்று என்று சமனில் நின்றது ஆட்டம். முடியச் சில நிமிடங்களே இருந்தன. அந்த ஒரு புள்ளி கிடைத்திருந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும் இடத்திலிருந்து அணி மேலே வந்திருக்கும். உமேகி கோல் கிக் எடுக்க வேண்டும். எதிரணி நெருங்கி வந்து நின்றுவிட்டது. அவன் அருகில் நின்ற தடுப்பாட்டக்காரருக்குப் பந்தைச் சிறிதாகத் தள்ளினான். அவர் திரும்புவதற்குள் எதிரணி ஆள் பாய்ந்து பறித்து, வெறும் கோலுக்குள் உருட்டிவிட்டுப் போனான். அதைத்தான் அரங்கம் முழுக்கப் பார்த்தது. தொலைக்காட்சியும் அதையே திரும்பத் திரும்பக் காட்டியது.

அதற்கு முந்தைய சில நொடிகளை யாரும் காட்டவில்லை. பந்தை வைத்துவிட்டு உமேகி பெஞ்ச் பக்கம் திரும்பி வலது கையை உயரத் தூக்கினான். நடுக்கோட்டைத் தாண்டித் தூக்கி அடிக்கட்டுமா என்று அதற்கு அர்த்தம். குசுமி உள்ளங்கையைத் தரையை நோக்கி அமுக்கினார். வேண்டாம், சிறிய பாஸ்தான். உமேகி ஒரு கணம் நின்று மறுபடியும் கையைத் தூக்கினான். இந்த முறை குசுமி இரண்டு கைகளாலும் அமுக்கினார்.

அரங்கத்தை விட்டுப் போகும் முன் நிருபர்கள் முன்னால் நின்றபோது அவர் சொன்னார்:

"எல்லாப் பொறுப்பும் பயிற்சியாளரான என்னுடையது."

நிருபர்களில் பாதிப் பேர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. தோற்ற பயிற்சியாளர் எவரும் இந்த நாட்டில் அதைத்தான் சொல்வார். ரயில் தாமதமானால் நிலையத்தில் ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்பதுபோல அது.

ஞாயிற்றுக்கிழமை காலை காருக்குப் பெட்ரோல் போடப் போனார். பெட்ரோல் பங்க் அம்மாள் கண்ணாடியைத் துடைத்தபடியே புன்னகையோடு அவரைத் தேற்றினாள்.

"குசுமி சான், நீங்க தூங்கினீங்களா? மூஞ்சி பாருங்க எப்படி இருக்குன்னு. அந்தக் கீப்பர் பையன் இப்படிப் பண்ணிட்டானே உங்களுக்கு."

"அவன் பண்ணலைங்க."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. எங்க வீட்டுக்காரரு நேத்தே சொன்னாரு, பாரு, குசுமி சான் இதையும் தன் தலையில போட்டுக்குவாருன்னு."

அவள் ஒரு பை நிறைய மிகான் ஆரஞ்சு கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தாள். தோட்டத்துப் பழம், மறுக்க முடியாது. அவர் நன்றி சொல்லிக் கிளம்பினார். வழியெல்லாம் கார் இனிப்பாக மணத்தது. பால் கடை வாசலில், உள்ளூர் தேயிலைக் கம்பெனியின் பலகையில், பேருந்தின் முதுகில் என்று அவருடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் அவர் யாருக்கும் தன் பெயரைச் சொல்ல வேண்டி வந்ததில்லை. அது பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

திங்கட்கிழமை கன்னாரி வந்தார். கோல் கீப்பர்களைப் பழக்குபவர் அவர். குசுமி கோலடித்துப் பேர் வாங்கிய காலத்தில் இதே அணியின் கோலில் நின்று யார் நினைவிலும் தங்காமல் போனவர். காகித ஆலைக்குப் பின்னாலிருக்கும் பயிற்சி மைதானத்தின் சிறிய அறையில், கதவைச் சாத்திவிட்டு உட்காராமலே பேசினார்.

"தெத்ஸு, அவன் கை தூக்கினதை நான் பாத்தேன். நீயும் பாத்தே."

"பாத்தேன்."

"ரெண்டு தடவை."

"தெரியும் கன்னாரி."

"ஏன் வேணாம்னே?"

குசுமி ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆலைப் புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. "பயந்து தூக்கி அடிச்சாங்கன்னு எழுதுவாங்கன்னு தோணுச்சு. குசுமியோட ஆட்டம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லித்தானே என்னை வச்சிருக்காங்க. பந்தைத் தரையில வச்சு ஆடறது. கடைசி அஞ்சு நிமிஷத்துல அதை நானே விட்டுட்டா..."

"அதாவது உன் பேருக்காக."

"ஆமா."

கன்னாரி தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "அவனைக் கேட்டேன், பெஞ்ச்ல இருந்து வேணாம்னாங்கன்னு யாருகிட்டயாவது சொன்னியான்னு. இல்ல சார், என் கால்தான்னான். நான் மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் என் கால்தான்னான். உன் போஸ்டரை ஒட்டி வச்சு வளர்ந்த பையன் அவன். நீ கையைக் கீழ காட்டினா அவன் ஒரு கிணத்துல கூடக் குதிப்பான். இன்னொண்ணு கேட்டுக்கோ. நேத்து அவங்க அப்பாவோட சலூன் கண்ணாடியில பச்சைப் பெயின்ட் ஊத்தியிருக்காங்க. நம்ம டீம் கலர்."

"போலீஸ்ல சொன்னாங்களா?"

"அவங்க அப்பா கழுவிட்டுக் கடையைத் திறந்துட்டாரு. வந்தவங்ககிட்ட எல்லாம், பையனால சிரமம், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிக்கிட்டே முடி வெட்டறாராம்."

அன்று மதியம் அணி நிர்வாகத்தின் தலைவர் செகிகுச்சி கூப்பிட்டு அனுப்பினார். அணியின் சொந்தக்காரர்களான காகித ஆலை அனுப்பிவைத்த ஆள். கால்பந்து தெரியாது என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்வார். எதைச் சொன்னாலும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தே சொல்வார்.

"உமேகியைக் கொஞ்ச நாள் ஓய்வுல வைக்கலாம்னு நினைக்கிறோம். உங்க முடிவுதான். ஆனா அப்படி நினைக்கிறோம்."

"அவன் மேல தப்பில்லை. அடிக்க வேணாம்னு சொன்னது நான்."

"உங்க மனசு பெரிய மனசு, குசுமி சான்."

"மனசு இல்லைங்க. நடந்தது."

செகிகுச்சி கோப்பையை ஒரு முறை சுற்றினார். "இங்க பாருங்க. ஜனங்க கோபமா இருக்காங்க. அந்தக் கோபம் எங்கயாவது போகணும். ஆலை மேல போனா எனக்குப் பிரச்சினை. உங்க மேல போனா அரங்கம் காலியாயிடும், அது எல்லாருக்கும் பிரச்சினை. உமேகிக்கு வயசு இருக்கு. சீசன் முடிஞ்சதும் வேற ஊர் பாத்துக்குவான். அவன் ஒப்பந்தத்தை நீட்டிக்கிற யோசனை எங்களுக்கு இல்லை. உங்களை நீட்டிக்கணும்னு இருக்கு, கீழ் டிவிஷனுக்குப் போனாலும் சரி."

குசுமி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். படிக்கட்டில் இறங்கும்போது, மறுத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் யோசிப்பதாகத்தானே சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லையே என்று ஒரு சமாதானமும் கூடவே இறங்கி வந்தது.

செவ்வாய்க்கிழமை நிருபர்களுடனான வழக்கமான சந்திப்பில் அவர் விவரமாகவே பேசினார். உமேகி கை தூக்கியதை, தான் அமுக்கியதை, இரண்டாவது முறை நடந்ததை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையால் செய்து காட்டினார். "இது சம்பிரதாயத்துக்குச் சொல்றதில்லை. அந்தக் கோல் என்னோட உத்தரவால விழுந்தது" என்றார்.

நிருபர்கள் தலையசைத்தார்கள். அவர்களில் மூத்தவர், குசுமியின் ஆட்ட நாட்களிலிருந்து எழுதுகிறவர், பேனாவை மூடினார். அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையின் தலைப்பு, 'வீரனுக்காகத் தன்னையே பலி தரும் குசுமி.' கீழே அந்த மூத்தவர் ஒரு பத்தி எழுதியிருந்தார். இப்படிப்பட்ட பயிற்சியாளர் இருக்கும்போது இளைஞர்கள் அதற்குத் தகுதியானவர்களாக நடந்துகொள்ள வேண்டாமா என்று முடித்திருந்தார். மாலைக்குள் இணையம் கொதித்தது. குசுமி சானைப் பொய் சொல்ல வைத்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறானே, இவனெல்லாம் ஆணா என்று உமேகியை ஏசினார்கள். முன்பு ஆட்டத் தவறு மட்டும்தான் அவன் கணக்கில் இருந்தது. இப்போது நன்றிகெட்டவன் என்ற பெயரும் சேர்ந்தது.

பயிற்சி முடிந்ததும் உமேகி குசுமிக்காகக் காத்திருந்தான். நெட்டையான பையன், வாசல்களில் குனிந்தே நுழைந்து பழகியவன். கையுறைகளைக் கழற்றாமல் நின்றான்.

"கோச், ஒரு வேண்டுகோள்."

"சொல்லு."

"இனிமே என்னைப் பத்தி எதுவும் பேசாம இருப்பீங்களா? தயவுசெஞ்சு."

"நான் உண்மையைத்தான் சொன்னேன் உமேகி."

"தெரியும். நீங்க சொல்லச் சொல்ல எங்க வீட்டுக்கு போன் ஜாஸ்தியா வருது. அம்மா ரிசீவரைக் கழட்டி வச்சுட்டாங்க."

"நீயும் சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கிறேன். ரெண்டு பேரும் சொன்னா நம்புவாங்க."

அவன் முகத்தில் முதல் முறையாகத் திகைப்பு தெரிந்தது. கோயில் மணியை நீ போய் உடை என்று யாரோ சொன்னதுபோல. "கோச் மேல நான் எப்படிச் சொல்லுவேன்? பந்து என் கால்ல இருந்துதான் போச்சு" என்றான். பிறகு, குனிந்து வணங்கிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

குசுமிக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. அன்றைய பயிற்சியில் உமேகி ஒவ்வொரு பந்தையும் எடுத்தவுடன் பெஞ்சைப் பார்த்தான். மேலே வரும் உயரமான பந்துக்குக்கூட, பிடிக்கட்டுமா தட்டட்டுமா என்பதுபோல அரை நொடி அவர் முகத்தைத் தேடினான். அந்த அரை நொடியில் பந்து போய்விடும். கோல் கீப்பர் ஒருவனுக்கு அதற்கு மேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

மறுநாள் மதியம் குசுமி தொகுராவின் கடைக்குப் போனார். துறைமுகச் சாலையில் ஓடென் கடை. கருத்துப்போன குழம்பில் மீன் கட்டிகளும் முள்ளங்கியும் முட்டையும் குச்சியில் செருகி வெந்துகொண்டிருக்கும். மதிய வியாபாரம் முடிந்திருந்தது. மெகாஃபோன் இல்லாத தொகுரா சாதுவான ஆளாகத் தெரிந்தான். அவரைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கும்பிடாத குறையாக வந்தான்.

"நீங்க இங்கயா? சொல்லியிருந்தா கடையைக் கழுவி வச்சிருப்பேனே. உக்காருங்க. முள்ளங்கி நல்லா ஊறியிருக்கு."

"தொகுரா, நீ சொன்னா கேலரி கேக்கும். அதுக்காக வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னார். தொகுரா எதிரில் நின்று கேட்டான். முதலில் அதே புன்னகை இருந்தது, பெட்ரோல் பங்க் அம்மாளின் புன்னகை. குசுமி நிறுத்தாமல் போனார். பேருக்காகத்தான் செய்தேன் என்று சொன்ன இடத்தில் புன்னகை போய்விட்டது. தொகுரா அடுப்பைச் சிறிதாக்கினான். கொஞ்ச நேரம் குச்சிகளை நேராக்கிக்கொண்டிருந்தான்.

"நான் உங்களை நம்பறேன்" என்றான்.

"அப்போ சொல்லு அவங்ககிட்ட."

"மாட்டேன்."

"ஏன்?"

"இந்தத் தெருவைப் பாத்துக்கிட்டுத்தானே வந்தீங்க. எத்தனை கடை ஷட்டர் திறந்திருக்கு? மீன் கம்பெனி போயிடுச்சு. ஆலையில பாதி மிஷின் நின்னு போச்சு. என் பையன் நகோயாவுல இருக்கான், வருஷத்துக்கு ஒருக்கா வரான், அதுவும் உங்க மேட்சுக்கு. இந்த ஊருன்னா வெளியில ஒருத்தனுக்குத் தெரியற ஒரே விஷயம் நீங்க. உங்களைப் பாத்து நான் போய் ஊளையிடணுமா? அப்புறம் நாங்க எதைப் பாடறது?"

"அந்தப் பையன் நொறுங்கிட்டு இருக்கான்."

"அவன் சின்ன வயசு. தேறிடுவான். நாங்க தேற மாட்டோம்." தட்டில் ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து வைத்தான். "சாப்பிடுங்க குசுமி சான். நீங்க வந்தே இல்லைன்னு வச்சுக்கறேன். பெயின்ட் ஊத்தினது எங்க பசங்க மூணு பேரு. அவங்களை நான் கண்டிச்சுட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

குசுமி சாப்பிட்டார். முள்ளங்கி உண்மையிலேயே நன்றாக ஊறியிருந்தது. அதைச் சாப்பிட முடிந்ததே என்று பிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் உமேகியை அணியிலிருந்து நீக்கினார். அவனுடைய நன்மைக்காகத்தான் என்று கன்னாரியிடம் சொன்னார். கன்னாரி, "அவனோட நன்மைக்கா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார். முப்பத்தாறு வயது மாற்றுக் கீப்பர் கோலில் நின்றார். ஓர் ஆட்டம் சமனானது. மற்றவை போயின. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் குசுமி ஒலிவாங்கி முன்னால் நின்றார். எல்லாப் பொறுப்பும் என்னுடையது. அந்த வாக்கியம் வாயிலிருந்து வெளியே போகும்போதே தேய்ந்து மறைவதை அவரால் உணர முடிந்தது.

நவம்பர் கடைசி ஞாயிறு சொந்த மண்ணில் இறுதி ஆட்டம். வென்றால் தப்பிக்கலாம் என்ற நிலை. வெயில் இருந்தது, கடல்காற்றும் இருந்தது. கோலில்லாமல் முடிந்தது ஆட்டம். அந்த ஒரு புள்ளி போதாது. விசில் ஊதியபோது சிலர் அழுதார்கள், பெரும்பாலோர் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மினாசே கீழ் டிவிஷனுக்குப் போயிற்று.

இறுதி ஆட்டம் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. ஆடாதவர்களும் காயம்பட்டவர்களும் உட்பட அணியில் உள்ள எல்லோரும் மைதானத்துக்கு வந்து நிற்க, பயிற்சியாளர் ஒலிவாங்கியில் ஆண்டுக்கான நன்றி சொல்வார். மைதானத்துக்குள் போகும் சுரங்கப் பாதையில் நிற்கும்போது செகிகுச்சி அருகில் வந்தார்.

"சுருக்கமா பேசுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்னு நான் அப்புறம் அறிவிக்கிறேன். அதைக் கேட்டா கொஞ்சம் ஆறுதலாகும் அவங்களுக்கு."

"உமேகி?"

"அது முடிஞ்ச விஷயம். நேத்தே சொல்லியாச்சு அவன்கிட்ட."

உமேகி வரிசையின் கடைசியில், பயிற்சி உடையில், கைகளைப் பின்னால் கட்டி நின்றான். அவனைப் பார்த்ததும் வடக்குக் கேலரியில் ஒரு முனகல் எழுந்தது. குசுமி ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். முரசு தொடங்கியது, அவருடைய பாட்டு. அது முடியும்வரை நின்றார். வழக்கப்படி இப்போது முதலில் வணங்க வேண்டும். அவர் வணங்கவில்லை.

"எல்லாப் பொறுப்பும் என்னுதுன்னு நிருபர்கள்கிட்ட நான் நிறையத் தடவை சொல்லியிருக்கேன். நீங்க பாராட்டியிருக்கீங்க. இன்னைக்கு அதைச் சொல்லப் போறதில்லை."

ஒலிவாங்கியைத் தண்டிலிருந்து கையில் எடுத்தார்.

"அக்டோபர்ல அந்தக் கோல் விழறதுக்கு முன்னாடி உமேகி கை தூக்கிக் கேட்டான். தூக்கி அடிக்கட்டுமான்னு. ரெண்டு தடவை. அவன் நினைச்சது சரி. நான் வேணாம்னேன்."

எங்கோ ஒருவர் கைதட்டினார். உடனே அது பரவியது. ஒரு பெண் குரல், "போதும் குசுமி சான், எங்களுக்குத் தெரியும்" என்றது. கைதட்டல் கிழக்குப் பக்கமும் எழுந்தது. குசுமி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இதே சத்தத்துக்காகத்தான் அன்று கையை அமுக்கினோம் என்று அவருக்குப் பட்டது. நல்லவனாகப் பேசும்வரை இவர்கள் நம்ப மாட்டார்கள்.

"கைதட்டாதீங்க" என்றார். குரல் ஒலிபெருக்கிகளில் மோதித் திரும்பியது. "நான் அவனைக் காப்பாத்தலை. நீங்க அவன் மேல பாட்டில் வீசினப்போ நான் அதே வரிசையிலதான் நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கலை. அப்புறம் நீங்க எனக்குப் பாட்டுப் பாடினீங்க, நான் கேட்டேன். அது எனக்கு வசதியா இருந்துச்சு. உங்களுக்கும் வசதியா இருந்துச்சு. ஒரு முடி வெட்டற மனுஷனோட கடைக் கண்ணாடியில நம்ம கலர் பெயின்ட்டை ஊத்திட்டு வந்து, இங்க நின்னு என் பேரைப் பாடியிருக்கீங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பாடினீங்க. உங்களுக்கு இந்த டீம் வேணாம். என் போஸ்டர் வேணும். அந்தப் போஸ்டர்ல இருக்கறவன் நல்ல பயிற்சியாளன் இல்லை. நல்ல மனுஷனும் இல்லை. நான் மன்னிப்பும் கேக்கப் போறதில்லை. கேட்டா மறுபடி கைதட்டுவீங்க."

ஒலிவாங்கியை அதன் தண்டில் வைத்தார். நிமிர்ந்தே நின்றார்.

கேலரியின் மேல் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பிறகு ஒரு தடித்த குரல், "காசு குடுத்து வந்தவங்களைப் பாத்து என்ன பேச்சுடா அது" என்றது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஊளை கீழிருந்து மேலாக வந்தது, பக்கவாட்டுக் கேலரிகளுக்குப் பரவியது. தலை குனியுடா என்று கத்தினார்கள். அவர் குனியவில்லை. தொகுரா மெகாஃபோனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஊளையிடவில்லை, நிறுத்தவும் இல்லை. குசுமி அவனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

இருபது ஆண்டுகளில் இந்த அரங்கத்தில் அவர் கேட்காத சத்தம் அது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. இதை அந்தப் பையன் குனிந்தபடி கேட்டிருக்கிறான் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

செகிகுச்சி அறிவிப்பு எதையும் செய்யவில்லை. உடைமாற்றும் அறைப் பக்கம் போகும்போது ஒருமுறை குசுமியைப் பார்த்து, "இப்படிச் செஞ்சுட்டீங்களே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்பது அந்த வாக்கியத்தோடு முடிந்தது.

உமேகி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். இந்த முறை நன்றி சொல்வான், அல்லது அழுவான் என்று குசுமி எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. அவன் முகம் சிவந்திருந்தது.

"பேச வேணாம்னு கேட்டுக்கிட்டேனே கோச்."

"கேட்டே."

"அப்பாவோட கடையை ஏன் இழுத்தீங்க? அவரு கழுவிட்டு மறந்துட்டாரு. இனி ஊரே அந்தக் கண்ணாடியைப் பாக்கும்."

"அது என் தப்பு. உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார்.

"அப்பவும் கேக்கலை, இப்பவும் கேக்கலை."

மேலே ஊளை இன்னும் சுவர்களின் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து போனார்கள். கன்னாரி கதவருகே நின்றார், உள்ளே போகவில்லை.

"அன்னைக்கு," என்றான் உமேகி, "அவங்க டிஃபென்ஸ் லைன் ரொம்ப முன்னாடி ஏறி வந்திருந்துச்சு. பின்னால முழுக்கக் காலி. ஒரே அடி, ஓரத்துல நம்ம விங்கர் தனியா இருந்தான். சமன் இல்ல, ஜெயிச்சிருப்போம். நான் அதைப் பாத்தேன். உங்களுக்கு அங்கிருந்து தெரியலை."

"தெரியலை."

"நான் அடிச்சிருக்கணும். நீங்க என்ன சொன்னாலும் அடிச்சிருக்கணும்."

"ஆமா," என்றார் குசுமி. "அடிச்சிருக்கணும்."

உமேகி அவர் முகத்தை நேராகப் பார்த்தான். எதையும் கேட்கும் பார்வை இல்லை அது. "நீங்க பாத்ததைவிட நான் நல்லாப் பாத்தேன்" என்று இன்னொரு முறை, தனக்கே சொல்லிப் பார்ப்பதுபோலச் சொன்னான். பிறகு வணங்காமலே திரும்பி, அறைக்குள் போனான். கன்னாரி அவனுக்கு வழி விட்டார்.